சந்தனமா, பிஸ்கட்டா?

தில்லி மயூர் விஹாரில் மூன்றாம் மாடி ஃபிளாட் ஒன்று. தீபாவளிக்குள் பெயிண்ட் வேலை முடிய வேண்டும். தகராறு ஒரே ஓர் அறைக்குத்தான்: 78 வயது அம்மாவின் அறை. மகன் சந்தன நிறம் என்கிறார். மருமகள் பிஸ்கட் நிறம் என்கிறார். ஷேடு கார்டில் இரண்டும் அக்கா தங்கை மாதிரி. 'எதை அடித்தால் என்ன, இரண்டும் ஒன்றுதான்' என்று பெயிண்டர் அலுத்துக்கொள்கிறார்.

ஒன்றல்ல. கார்டில் இரண்டு விரல் அகலமே இருக்கும் நிறம் நான்கு சுவர்களிலும் ஏறியதும், ஒரு சுவரின் நிறம் எதிர்ச் சுவரில் பட்டுப் பட்டு அடர்த்தி கூடிவிடும். சந்தனத்தில் ஒளிந்திருந்த மஞ்சளும் பிஸ்கட்டில் ஒளிந்திருந்த சிவப்பும் அப்போதுதான் வெளியே வரும். வெளிச்சம் இன்னொரு வில்லன். மேற்கு ஜன்னலில் மாலை வெயில் விழுந்தால் பிஸ்கட் செங்கல்லாகச் சிவக்கும். வெள்ளை எல்இடி போட்டால் சந்தனம் சோகை பிடித்துப்போகும்.

தப்பிக்க வழி எளிது. இரண்டு பெரிய அட்டைகளில் இரண்டு கோட் அடித்து, காயவிட்டு, சுவரில் சாய்த்துவைத்து, காலை, மாலை, இரவு என மூன்று வேளையும் பார்ப்பது. கார்டைக் கடைக்காரரின் விளக்கில் பார்த்து முடிவு செய்தால் அவர் கடைக்குத்தான் பொருத்தமாக இருக்கும்.

அட்டைகள் வந்தன. இருவர் கட்சியும் மாறவில்லை. அறைக்கு உரியவரை யாரும் கேட்கவில்லை என்பது மூன்றாம் நாள்தான் உறைத்தது.

வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளிக்கும். வெளிர் நிறங்களுக்குள் பேதம் அவ்வளவாகத் தெரியாது. அம்மாவுக்கு ஒரு கண்ணில் கேட்டராக்ட் ஆபரேஷன் முடிந்துவிட்டது, மற்றதில் பாக்கி. ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், அடுத்ததை மூடிப் பார்த்தார். பிறகு ஓர் அட்டையைச் சுவரோரம், வெள்ளை ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார். அடுத்து மற்றதை.

"இதில்தான் ஸ்விட்ச் தெரிகிறது" என்றார். சற்றே அடர்த்தியான பிஸ்கட். ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால் ஸ்விட்சைத் தேடிச் சுவரைத் தடவுகிறார் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. தடுக்கி விழுந்திருந்தால் தெரிந்திருக்கும்.

மருமகள் ஜெயித்ததாகச் சொல்ல முடியாது. அவர் சொன்ன காரணம் திரைச்சீலைக்குப் பொருந்தும் என்பது.