ஏழு நிறம் எழுதினால் போதுமா?

வானவில்லில் எத்தனை நிறம் என்று கேட்டால் தூக்கத்தில்கூட "ஏழு" என்று சொல்லிவிடுவோம். ஊதா, கருநீலம், நீலம்... என்று வரிசை மாறாமல் ஒப்பிப்போம். நானும் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவன்தான்.

ஆனால் ஒருநாள் சாயங்காலம், பேராவூரணியில் மழை விட்டு வெயில் அடித்தபோது, "வானவில் எந்தப் பக்கம்ணே தெரியும்?" என்று தம்பி கேட்டான். நான் சூரியன் இருந்த பக்கமே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்! பக்கத்து வீட்டுப் பாட்டிதான், "சாயங்கால வெயிலுல்ல, கெழக்கால பாருங்கடா" என்றார். பார்த்தால், கடற்கரைப் பக்கம் வில் நிற்கிறது! பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

விஷயம் ரொம்ப எளிது. வெயில் மழைத்துளிக்குள் நுழையும்போது வளைகிறது, துளியின் பின்சுவரில் பட்டுத் திரும்புகிறது, வெளியே வரும்போது மறுபடி வளைகிறது. அதனால் சூரியனுக்கு முதுகு காட்டி நின்றால்தான் வில் தெரியும். நம் தலையின் நிழல் விழும் திசையிலிருந்து சுமார் 42 பாகையில் சிவப்பு, அதற்கு உள்ளே மற்ற நிறங்கள். சூரியன் 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால் தரையில் நிற்பவருக்கு வானத்தில் வில்லே கிடையாது. உச்சி வெயிலில் யாரும் வானவில் பார்க்காதது இதனால்தான்.

அந்த 'ஏழு' கூட இயற்கை போட்ட கணக்கு இல்லை. நிறங்கள் இடைவெளி இல்லாமல் ஒன்றில் ஒன்று கலந்தே இருக்கின்றன. இசையில் ஏழு சுரம் இருப்பதைப்போல நியூட்டன் ஏழாகப் பிரித்தார், அவ்வளவுதான்.

இன்னும் எத்தனையோ இருக்கிறது. கோடையில் தார்ச்சாலையில் தூரத்தில் தண்ணீர் தேங்கியதுபோலத் தெரிவது, சூடான காற்றில் வளைந்து வரும் வானத்தின் ஒளி. மர நிழலில் காசு காசாய் விழும் வெளிச்சம், இலை இடுக்கு வழியே விழும் சூரியனின் பிம்பம். 26 டிசம்பர் 2019 அன்று புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கம் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. அப்படிக் கிரகணம் பிடிக்கும் நேரத்தில் அந்தக் காசுகள் எல்லாம் பிறையாகிவிடும்.

திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமனும் இப்படிப் பார்த்தவர்தான். 1921ல் கப்பலில் வரும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து, அது வெறும் வானத்தின் பிரதிபலிப்புதானா என்று சந்தேகப்பட்டார். கையிலிருந்த சிறு நிக்கல் பட்டகத்தால் பிரதிபலிப்பைத் தடுத்துப் பார்த்தார். அப்போதும் நீலம் போகவில்லை! அந்தச் சந்தேகம்தான் 1928 பிப்ரவரி 28ல் ராமன் விளைவாகவும், 1930ல் நோபல் பரிசாகவும் முடிந்தது.

அந்த நாளைத்தான் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம். எப்படி? பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, பரிசளிப்பு! என் கருத்து இதுதான். அன்று சாயங்காலம் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போய், சூரியனுக்கு முதுகு காட்டி நிற்கவைத்து, குழாய்த் தண்ணீரைச் சாரலாகப் பீய்ச்சிக் காட்டினால் போதும். பைசா செலவில்லை. பரீட்சையிலும் "நிறங்கள் எத்தனை?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "மாலையில் எந்தத் திசையில் தேடுவாய், ஏன்?" என்று கேட்கட்டும்.

மனப்பாடம் பண்ணியவன் மறந்துவிடுவான். ஒருமுறை கண்ணால் பார்த்தவன் மறக்கமாட்டான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?