சஞ்சீவ ரெட்டி எவருக்குக் கைப்பாவை?

1969 குடியரசுத் தலைவர் தேர்தலைப் பேசுவோர் பலரும் நீலம் சஞ்சீவ ரெட்டியைச் ‘சிண்டிகேட்டின் கைப்பாவை’ என்று சொல்லிக் கடந்துவிடுகின்றனர். திருப்பதியில் ஆய்வு செய்யும் சித்தூர்த் தமிழனாகிய நான் அதை ஏற்கவில்லை.

திருத்தணியைச் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு மாற்றும் சட்டம் 1959இல் நிறைவேறியபோது ஆந்திர முதல்வர் அவரே. மண்ணை விட்டுக்கொடுப்பது உள்ளூரில் புகழ் தரும் செயலன்று. 1964இல் உச்ச நீதிமன்றத்தின் கண்டனத்தை மதித்து முதல்வர் பதவியைத் துறந்தார். 1967இல் மக்களவைத் தலைவரானதும் கட்சியிலிருந்தே விலகினார். பதவியையும் கட்சியையும் துறக்கத் தெரிந்தவர் எவருக்குக் கைப்பாவையாவார்?

அவரது வேட்புமனுவை முன்மொழிந்த இந்திரா காந்தியே பின்னர் ‘மனச்சாட்சி வாக்கு’ கோரினார், வி.வி. கிரி வென்றார். 1977இல் அதே பதவிக்கு ரெட்டி போட்டியின்றித் தேர்வானார். அன்று தோற்றது அவரது தகுதியன்று.