கருவறை வாசலில் ஒரு கட்டளை

ராணுவத்தில் மேலதிகாரியின் உத்தரவுக்கு மறுபேச்சு கிடையாது. படையினரின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்த அரசியல் சட்டத்தின் 33-வது பிரிவே பாராளுமன்றத்துக்கு அதிகாரம் அளித்திருக்கிறது. ஆனால் அந்த அதிகாரம் கருவறைக்குள்ளும் செல்லவேண்டுமா?

சீக்கிய வீரர்களுக்குத் தலைமை வகித்த கிறிஸ்தவ லெப்டினன்ட் ஒருவர் வாராந்திர வழிபாட்டுக்கு அவர்களுடன் சென்றார். கருவறைக்குள் மட்டும் நுழைய மறுத்தார். 2021-ல் பதவி பறிபோனது. 2025 மே மாதம் டில்லி ஹைகோர்ட்டும், நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் அதில் தலையிட மறுத்துவிட்டன.

வீரர்களின் மனம் நோகக்கூடாது என்பது நியாயமே. அதற்காக, வாசல் வரை வந்தவரின் பிழைப்பைப் பறிப்பதா? வேறு பணிக்கு மாற்றியிருக்கலாமே! தமது படைப்பிரிவில் கோயிலும் குருத்வாராவும்தான் இருந்தன, சர்வமத வழிபாட்டுக் கூடம் இல்லை என்பது அவருடைய முறையீடு. அத்தகைய கூடத்தை எல்லாப் படைப்பிரிவுகளிலும் ராணுவ அமைச்சகம் அமைக்கவேண்டும்.