சிக்கனம் சொல்லித் தருகிறார்கள், வட்டியைச் சொல்வதில்லை

பிப்ரவரி வந்தால் ரிசர்வ் வங்கியின் நிதிசார் கல்வி வாரம் வந்துவிடும். 2025இல் அது பெண்களை முன்வைத்து நடந்தது. வரவு செலவை எழுது, சேமி, ஓடிபியை யாரிடமும் சொல்லாதே என்பார்கள். தவறில்லை. ஆனால் திண்டுக்கல்லில் தோல் பதனிடும் இடத்திலும் பூட்டுப் பட்டறையிலும் அன்றாடக் கூலி வாங்கும் நம் மக்களுக்குச் சிக்கனம் புதுப் பாடமா, தோழர்களே?

நமக்குத் தெரிய வேண்டியது வீட்டுக் கடன். வங்கி சம்பளச் சீட்டு கேட்கும், தாய்ப் பத்திரம் கேட்கும். நம் காலனிகளில் இருப்பதோ ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த இலவச மனைப் பட்டா. குறிப்பிட்ட காலம் விற்கக் கூடாது என்ற நிபந்தனை அதில் இருக்கும். அதைக் காட்டியே அடமானத்துக்கு ஆகாது என்று திருப்பி அனுப்புவார்கள். வங்கி விதியில் சாதி என்ற சொல் இல்லைதான். ஆனால் தாய்ப் பத்திரம் யார் வீட்டுப் பெட்டியில் இருக்கும்? தாத்தா காலத்திலேயே நிலம் வாங்க முடிந்தவர்கள் வீட்டில்.

திருப்பி அனுப்பப்பட்டவர்கள் போய் நிற்பது தனியார் வீட்டுவசதி நிதி நிறுவனத்தில். 5 லட்சம் கடன், 15 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். 9 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 5,071 ரூபாய். 15 சதவீதமென்றால் 6,998. மொத்த வித்தியாசம் ஏறக்குறைய 3.47 லட்சம். கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு அரசு ஒதுக்குவதே 3.50 லட்சம்தான்!

2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடனை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும். வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 2025 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் ரெப்போ 6.50இலிருந்து 5.50 ஆனது. அந்தக் குறைப்பு காலனி வீட்டுக்குத் தானாக வந்து சேராது. கேட்டு வாங்க வேண்டும், இல்லையேல் கடனை வங்கிக்கு மாற்ற வேண்டும். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்க அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. இரண்டு மூன்று ஆண்டு ஒழுங்காகத் தவணை கட்டியவருக்கு, கூலி வங்கிக் கணக்கில் வருமானால், இந்த வழி திறக்கலாம். பட்டா நிபந்தனைக் காலம் முடிந்துவிட்டதா என்று தாலுகா அலுவலகத்தில் விசாரிக்கவும் வேண்டும்.

2024 அக்டோபர் 1 முதல் புதிய கடனுக்கு எல்லாச் செலவையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தோடு முக்கிய விவர அறிக்கை கொடுத்தாக வேண்டும், கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில். தமிழில் கேளுங்கள். தராவிட்டால் கையெழுத்து வேண்டாம்.

தவணை தவறினால் சர்ஃபாசி சட்டப்படி நோட்டீஸ் வரும், பெரும்பாலும் ஆங்கிலத்தில். பலர் அதைப் பிரிக்காமலே வைத்துவிடுகிறார்கள். 60 நாள் அவகாசம் அதில்தான் இருக்கிறது. ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் 15 நாளில் பதில் தர வேண்டும். சுவாதீனம் எடுத்துவிட்டாலும் மதுரையில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள் உண்டு. அடுத்த முகாமில் முன்வரிசையில் உட்காருங்கள். இதை ஏன் சொல்லவில்லை என்று மைக்கை வாங்கிக் கேளுங்கள்.