"சென்சார் போச்சு"ன்னு சொல்றதுக்கு முன்னாடி

போன தீபாவளி லீவில் ஊருக்குப் போயிருந்தப்போ சித்தப்பா காரில் டயர் பிரஷர் லைட் எரிஞ்சுது. மஞ்சள் கலர், குதிரை லாடம் மாதிரி ஒரு படம், நடுவில் ஆச்சரியக்குறி. "நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியே, என்னன்னு பாரு"ன்னார். நானும் கெத்தா என் ப்ளூடூத் ஸ்கேனரை மாட்டினேன். ஒரு ஃபால்ட் கோடும் வரல. உடனே தீர்ப்பு சொல்லிட்டேன்: "சென்சார் போச்சு சித்தப்பா, தைரியமா ஓட்டுங்க."

அவர் சித்தியையும் ரெண்டு பசங்களையும் ஏத்திக்கிட்டு பைபாஸில் 120 கிலோமீட்டர் போயிட்டு வந்தார். மறுநாள் காலையில் பெட்ரோல் பங்கில் காத்து செக் பண்ணா, பின்பக்க இடது டயரில் 19 பிஎஸ்ஐ. இருக்க வேண்டியது 33. உள்ளே ஒரு ஆணி. அந்தச் சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கு, பொய் சொன்னது நான்.

கோடு ஏன் வரல? மலிவான ஸ்கேனர் பெரும்பாலும் இன்ஜின் கோடுகளை மட்டும்தான் படிக்கும். அதுவும் இல்லாம, காத்து குறைஞ்சா அது சிஸ்டத்தோட ஃபால்ட்டே இல்லையே!

சென்சார் பத்தி 13 மார்க் கேள்விக்கு பிளாக் டயகிராம் போடுற நாமளே இப்படின்னா, மத்தவங்களை என்ன சொல்றது? எனக்குத் தெரிஞ்சு பல பேர் இந்த லைட்டை ஒரு தொல்லையாத்தான் பாக்குறாங்க. ஆனா அது ரெண்டு விதமா பேசும். விடாம எரிஞ்சா, காத்து குறைவு. வண்டியை ஸ்டார்ட் பண்ணதும் ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் சிமிட்டிட்டு அப்புறம் நின்னு எரிஞ்சா, சிஸ்டத்திலேயே கோளாறு. பெரும்பாலான கார்களில் இதுதான் கணக்கு. இதைத் தெரிஞ்சுக்க ஸ்கேனரே வேண்டாம், கண்ணு போதும்.

சிமிட்டினா மட்டும்தான் சென்சாரைச் சந்தேகப்படணும். வால்வோட அடியில், ரிம்முக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் அதுக்குள்ள சின்ன லித்தியம் பேட்டரி ஒண்ணு உண்டு. 5லிருந்து 10 வருஷம் வரைக்கும் தாங்கும். சீல் பண்ணியிருக்கிறதால பேட்டரியை மட்டும் மாத்த முடியாது, சென்சாரையே மாத்தணும். டயர் கழட்டும்போது கடப்பாரை பட்டு உடையறதும் உண்டு. புதுசு போட்டும் சிமிட்டுதுன்னா, அதோட ஐடி காரில் பதிவாகலையான்னு பாக்கணும்.

சில கார்களில் டயருக்குள்ள சென்சாரே கிடையாது. காத்து குறைஞ்ச டயரோட சுற்றளவு கொஞ்சம் சுருங்கும், அதனால மத்ததை விட வேகமா சுத்தும். ஏபிஎஸ் சென்சாரை வெச்சு அதைக் கண்டுபிடிக்கிறாங்க. அந்த வண்டிக்குப் போய் "டயர் சென்சார் மாத்தணும்"னு யாராவது பில் போட்டா, தாராளமா சண்டை போடலாம். அங்கே காத்து அடிச்சதும் ரீசெட் பண்ணணும், அவ்வளவுதான். நாலு டயரிலும் ஒரே மாதிரி காத்து இறங்கினா இந்த முறை கோட்டை விடவும் வாய்ப்பிருக்கு.

எதுவா இருந்தாலும் முதல் டெஸ்ட் காலையில், வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி, கேஜ் வெச்சுப் பாக்குறதுதான். ஓடிச் சூடான டயர் கூடுதலாக் காட்டும்.

எங்க ஆட்டோமொபைல் லேபில் குறுக்கே அறுத்து வெச்ச இன்ஜின் மூணு இருக்கு. டயர் சென்சார் ஒண்ணு கூட இல்லை, கேஜும் இல்லை. ஊரில் ஒரு டயர் கடை அண்ணன்கிட்ட கேட்டேன், தூக்கிப் போட வெச்சிருந்த ரெண்டு செத்த சென்சாரைக் கொடுத்தார். இப்போ ஹாஸ்டல் ரூமில் இருக்கு. அறுத்துப் பாக்கணும்னா வாங்க, ஹேக்ஸா பிளேடு மட்டும் எடுத்துட்டு வாங்க.