ஐயாற்றில் இரு விழா

காவிரிக்கரைத் திருவையாற்றில் ஆண்டிற்கு இருமுறை இசை பெருகுகின்றது. ஒன்று பனிக்காலத்தில், மற்றொன்று வேனிலில். முன்னதை உலகறியும். பின்னதைச் சோழநாட்டார் அறிவர். அவருள்ளும் அதனை ஓர் இசைவிழாவென எண்ணுவார் மிகச் சிலர். இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது என்பதும், அதற்குத் தமிழர் செய்யத்தக்கது யாது என்பதும் ஈண்டு எண்ணத்தக்கன.

வெண்ணாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் ஒரு தமக்கையும் தம்பியும் உளர். இருவரும் ஐம்பதைக் கடந்தவர். தமக்கை இளமையிற் பாட்டுப் பயின்றவர். ஆண்டுதோறும் பனிக்கால விழாவிற்குச் சென்று ஐந்து நாளும் பந்தலில் அமர்ந்து கேட்பவர். தம்பியோ தமிழ்ப்பற்றில் ஊறியவர். அப்பந்தலின் பக்கம் தலைவைத்தும் படாதவர். "தமிழ் மண்ணில், காவிரிக் கரையில், தமிழன் விளைத்த நெல்லை உண்டுவிட்டுத் தெலுங்கு கேட்கவோ போகிறீர்கள், அக்கா?" என்பது தம்பியின் வினா. "பாட்டு நெஞ்சை உருக்குகிறதே, தம்பி; நான் என்ன செய்வேன்?" என்பது தமக்கையின் விடை. இருபது ஆண்டாக இவ்வழக்குத் தீர்ந்தபாடில்லை. இஃது அவ்வொரு வீட்டு வழக்குமன்று. தமிழ்ப்பற்றுடைய வீடுகள் பலவற்றில் உள்ளதே.

தியாகராசர் 1767-இல் திருவாரூரிற் பிறந்தார். திருவையாற்றில் வாழ்ந்து 1847-இல் மறைந்தார். அவர் மறைந்த தேய்பிறை ஐந்தாம் நாளையொட்டி, மார்கழியிலோ தையிலோ ஐந்து நாள் விழா நடைபெறுகின்றது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, சிரீ என்னும் ஐந்து பண்களில் அமைந்த ஐம்மணிப் பாடல்களை நூற்றுக்கணக்கானோர் ஒருங்கிருந்து பாடுவர். அவற்றுள் முதற்பாடல் வடமொழி. ஏனைய நான்கும் தெலுங்கு. தம் வீட்டுமொழியில் தம் தெய்வத்தைப் பாடிய பெரியவரை நோவதற்கு ஒன்றுமில்லை. அவர் நினைவுநாளில் அவர் பாடலைப் பாடுதலும் முறையே. தமிழ்ப்பற்றாளருட் சிலர் இவ்விடத்திற் சினத்தைத் தவறான வாயிலிற் கொண்டுபோய் வைத்துவிடுகின்றனர்.

குறை வேறிடத்தில் உள்ளது. அவர் காலத்திலிருந்தே இந்நாட்டிசை தொடங்கிற்று என்பது போன்றதோர் எண்ணம் படித்தார் நடுவே பரவிற்று, அதுவே குறை. சீகாழியில் வாழ்ந்து இராமநாடகம் பாடிய அருணாசலக் கவிராயர் மறைந்த 1779-இல் தியாகராசர்க்கு அகவை பன்னிரண்டு. மாரிமுத்தாப் பிள்ளையும் அவர்க்கு முன்னவர். முத்துத்தாண்டவரோ இன்னும் முன்னவர். அவர்க்கெல்லாம் பன்னூறாண்டு முன்னர் மூவர் பாடிய பதிகங்கள் பண் வகுக்கப்பெற்று நிற்கின்றன. சிலப்பதிகாரத்தில் குரலும் துத்தமும் கைக்கிளையும் உழையும் இளியும் விளரியும் தாரமும் பேசப்படுகின்றன. தஞ்சையிலிருந்தே ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். விபுலானந்த அடிகளின் 'யாழ்நூல்' 1947-இல் இச்சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூரிலேயே அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனைப் பதிப்பித்தது. இத்துணைச் சான்றுக்குப் பின்னும் தமிழிற் பாடுக என்று கேட்பதற்கே ஓர் இயக்கம் வேண்டியிருந்தது. அண்ணாமலை அரசர் 1941-இல் தமிழிசை மாநாடு கூட்டினார். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. 1946-இல் இதே திருவையாற்று மேடையில் தண்டபாணி தேசிகர் தமிழ்ப்பாடல் ஒன்று பாடினார். அதனால் மேடை தீட்டுற்றதாகக் கருதப்பட்டது என்னும் செய்தி தமிழர் நெஞ்சைச் சுட்டது. பெரியாரின் 'குடிஅரசு' அதனைக் கடுஞ்சொல்லாற் கண்டித்தது. தம்பியின் சினத்திற்கு வேர் இதுவே. அவ்வேர் பொய்யன்று.

ஆயினும் தமக்கைபால் ஒரு சொல் இருந்தது. அவ்விழாவிற் பெண்டிர்க்கும் ஒரு காலத்தில் இடமில்லை. ஆடவர் குழுக்கள் இரண்டாய்ப் பிரிந்து தமக்குள் மாறுபட்டிருந்த நாளில், பெங்களூர் நாகரத்தினம்மாள் என்னும் அம்மையார் 1920-களில் தம் கைப்பொருளைக் கொட்டித் தியாகராசர் அடங்கிய இடத்திற் கோயில் எடுப்பித்தார். அங்குப் பாட இசைவு கிடையாதபோது, பெண்டிரையே கூட்டித் தனிக்குழு அமைத்துப் பாடச் செய்தார். 1940-ஐ ஒட்டி எல்லாக் குழுவும் ஒன்றாயின. "அந்த அம்மை கோபித்துக்கொண்டு வீட்டில் இருக்கவில்லை, தம்பி. பக்கத்திலேயே ஒரு மேடை போட்டாள். நீங்கள் என்ன போட்டீர்கள்?" என்று ஒருநாள் தமக்கை கேட்டார். தம்பி வாய்திறந்திலர்.

அவ்வாண்டுச் சித்திரையில் தமக்கையே தம்பியை ஏழூர் விழாவிற்கு அழைத்துச் சென்றார். ஐயாறு, பழனம், சோற்றுத்துறை, வேதிகுடி, கண்டியூர், பூந்துருத்தி, நெய்த்தானம் என்னும் ஏழும் தேவாரம் பெற்ற ஊர்கள். சித்திரைப் பெருவிழாவின் நிறைவில் ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் கண்ணாடிப் பல்லக்கிலும், புதுமணம் பூண்ட நந்தியெம்பெருமான் வெட்டிவேர்ப் பல்லக்கிலும் புறப்பட்டு ஏழூரும் சுற்றி மீள்வர். ஊர்தோறும் அவ்வூர்ப் பல்லக்கு உடன்சேரும். மேட்டூர் நீர் வருவதற்கு முன்னைய காலமாதலின் காவிரி மணலாய்க் கிடக்கும். பழனத்தினின்று சோற்றுத்துறைக்கு அம்மணலிலேயே இறங்கி நடத்தல் வேண்டும். கத்திரி வெயிலில் உள்ளங்கால் பொரியும். வழியெல்லாம் உழவர் வீட்டுப் பெண்டிர் நீர்மோர்ப் பானையுடன் நிற்பர். சாதியும் ஊரும் வினவாது ஊற்றுவர். நுழைவுச் சீட்டில்லை, முன்னிருக்கை பின்னிருக்கை இல்லை. பாட்டு ஓரிடத்தில் இருக்க மக்கள் அதனைச் சூழ்ந்திருக்கும் முறையன்று. பாட்டு நடக்க, மக்களும் உடன்நடக்கும் முறை. இதனினும் தமிழ்க்குரிய இசைவிழா வேறொன்று வேண்டுமோ?

அங்குக் கேட்டது யாது? விடியற்பொழுதில் நாகசுரக்காரர் ஒருவர் தோடியைத் தொட்டார். நரசிங்கன்பேட்டை ஆச்சாமரக் குழலின் ஒலி வாழைத்தோட்டங்களைக் கடந்து சென்றது. தமக்கை மணலில் அப்படியே நின்றுவிட்டார். நாழிகை ஒன்று ஆவதற்குள் வண்டியொன்றிற் கட்டிய ஒலிபெருக்கி திரைப்பாட்டொன்றை அலறத் தொடங்கிற்று. நாகசுரக்காரர் குழலைத் துடைத்து உறையில் இட்டார். பூந்துருத்தியில் முதிய ஓதுவார் ஒருவர் பல்லக்கின் முன்னின்று பதிகம் ஓதினார். ஞானசம்பந்தர் ஏறிவந்த சிவிகையை நாவுக்கரசர் தம் தோளில் தாங்கிய ஊர் அது. அவ்வூரில், நாவுக்கரசரின் பாட்டைப் பத்தடிக்கு அப்பால் நின்றார் ஒருவரும் கேட்டிலர். தடுத்தவர் தெலுங்கரல்லர், வடமொழியாளரும் அல்லர்.

இருபது ஆண்டாகத் தெலுங்குப் பந்தலைப் புறக்கணித்த தம்பி, அவ்விருபது ஆண்டில் ஒருமுறையேனும் இத்தமிழ்ப் பந்தத்தை நாடி வந்தவர் அல்லர். இது கூறக் கசப்பானதே. ஆயினும் தமிழ்ப்பற்றாளர் பெரும்பாலோர் நிலை இஃதே. பிறர் விழாவில் தமிழுக்கு இடமில்லையெனத் தீர்மானம் நிறைவேற்றுகின்றோம். நம் விழாவில் தமிழ் ஓதுவாரை ஒலிபெருக்கிக்கு இரையாக்குகின்றோம். தமக்கை ஐம்மணிப் பாடலைக் கேட்பதனால் தமிழ் தேய்ந்துவிடவில்லை. அவர் நாவில் ஒரு பதிகம் பண்ணோடு ஏறாமைக்கே தமிழர் நாணுதல் வேண்டும். இளமையில் அவர்க்கு அதனைக் கற்பிப்பார் ஊரில் இல்லை. இன்றும் அவ்வூரில் இல்லை.

இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் ஓத நாற்பத்தெண்மரையும், அவர்க்கு உடுக்கையும் கொட்டிமத்தளமும் முழக்க இருவரையும் அமர்த்தினான். ஒவ்வொருவர்க்கும் நாளொன்றுக்கு முக்குறுணி நெல். இதனைக் கல்லில் வெட்டியும் வைத்தான். தமிழ்ப்பாட்டைப் போற்றுவதாவது பாடுவான் வீட்டுக் குதிரில் நெல் இருக்கச் செய்வது என்பதனை அவன் அறிந்திருந்தான். அக்கணக்கையே ஏழூர்க்கும் போட்டுப் பார்க்கலாம். ஊருக்கு இருவராக ஓதுவார் பதினால்வர். ஆளுக்கு முக்குறுணி வீதம் மூன்று நாளைக்கு 126 குறுணி. அஃதாவது பத்தரைக் கலம். அன்றைய மரக்காலும் இன்றைய மரக்காலும் ஒன்றல்ல. இன்றைய விலைவாசிக்கு அதுபோலப் பன்மடங்கு கொடுத்தலே நேர்மையும் ஆகும். கொடுத்தாலும் ஏழூர் உழவர்க்கு அது பெருஞ்சுமையன்று. பல்லக்கின் முன் ஐம்பது கோல் தொலைவிற்கு ஒலிபெருக்கி கூடாது என்று ஊரார் கூடி உறுதிசெய்தற்கோ ஒரு காசும் செலவில்லை. திருவையாற்றிலேயே அரசு இசைக்கல்லூரி உள்ளது. வடமொழிக்கே உரியதாயிருந்து, போராடிய பின் தமிழுக்கும் வாயில் திறந்த அரசர் கல்லூரியும் உள்ளது. அங்குப் பயிலும் இளைஞர் நூற்றுவர் ஏழூர்ப் பதிகங்களைப் பண்ணோடு பயின்று பல்லக்குடன் நடந்தால், ஐம்மணிப் பாடலுக்குக் கூடும் கூட்டம் வேனிலிலும் கூடும். தமக்கையைப் போன்றார் முதல் வரிசையில் நடப்பர்.

விழா முடிந்து தேரடித் திடலில் பொம்மை பூப்போடுவதைக் கண்டு இருவரும் பேருந்தேறினர். "தையில் உங்களோடு பந்தலுக்கு வருகிறேன், அக்கா. சித்திரையில் நீங்கள் என்னோடு நடக்க வேண்டும்" என்றார் தம்பி. "நான்தானே உன்னை நடத்திக் கூட்டிவந்தேன்?" என்றார் தமக்கை.

அவ்வாண்டுக் குறுவை அறுப்பில் தம்பி ஓதுவார்க்கென்று மூன்று கலம் நெல் தனியே அளந்து கட்டினார். அதனை யாரிடம் கொடுப்பது என்று ஏழூரிலும் கேட்டார். மூட்டை இன்னும் அவர் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கின்றது.