தாவரவியல் பட்டமும் விக்ரோலிச் சேறும்

தாவரவியல் படித்தவர் என்ன உத்தியோகம் பார்க்கலாம் என்று மாணவர் கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றே: ஆசிரியர் வேலை. அதாவது, தாவரவியல் கற்பிப்போரை உண்டாக்குவதற்காகவே தாவரவியல் கற்பிக்கப்படுகிறது என்றாகிறது. மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் திண்ணையாக இப்பாடம் பல ஊர்களில் கருதப்படுவதற்கு இந்த விடையும் ஒரு காரணம் எனலாம். ஆனால் இப்பட்டத்திற்குரிய வேலை நாட்டில் இல்லாமலில்லை. அது வேறு பெயரில், பலர் எட்டிப் பாராத இடங்களில் இருக்கிறது. மும்பை நகரின் கீழ்ப்புறத்திலுள்ள விக்ரோலி அத்தகைய இடங்களுள் ஒன்று.

விக்ரோலி என்றதும் தொழிற்சாலைகளே பலருக்கு நினைவு வரும். 1951-52 பொதுத் தேர்தலுக்கான வாக்குப் பெட்டிகளுள் பல இங்குள்ள கோத்ரெஜ் ஆலையில் செய்யப்பட்டவை. ஆனால் ரயில் பாதைக்குக் கிழக்கே, தாணே கடற்கழியின் கரையில், அந்த நிறுவனத்தின் உடைமையிலேயே ஆயிரம் ஏக்கருக்கு மேல் அலையாத்திக் காடு பரந்து கிடக்கிறது. மராத்தியில் இம்மரத்தைத் 'தீவர்' என்பர். மனையின் விலை வானளாவ உயர்ந்த ஒரு நகரில் இக்காடு அழியாமல் நின்றது தற்செயல் அன்று. 1980-களிலிருந்து சூனாபாய் பிரோஜ்ஷா கோத்ரெஜ் பெயரில் அமைந்த கடற்சூழல் மையம் ஒன்று இங்கே நாற்றங்கால், ஆராய்ச்சி, மாணவர்களுக்கான விளக்கச் சுற்றுலா முதலிய பணிகளை நடத்தி வந்திருக்கிறது. தொழில் நிறுவனம் ஒன்று தன் நிலத்தின் மரங்களைப் பேணுவதற்கும் தாவரம் அறிந்தவரின் துணை வேண்டியிருக்கிறது என்பதை ஆசிரியர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சேற்றில் தாவரம் அறிந்தவருக்கு என்ன வேலை? முதலாவது, மரத்தை மரமாக அறிதல். கண்டல் மரங்கள் தூரத்துப் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே பசுமையாயிருக்கும். அருகே சென்றால் வேற்றுமை விளங்கும். மும்பைக் கழிகளில் மிகுந்துள்ள அவிசென்னியா மரினாவின் மூச்சு வேர்கள் பென்சில் நட்டதுபோல் சேற்றினின்று மெல்லியவாய் எழுந்து நிற்கும். சொன்னரேஷியாவின் வேர்கள் தடித்துக் கூம்பியிருக்கும். ரைசோபோராவுக்கோ வளைந்திறங்கும் முட்டு வேர்கள். சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லையும் இவ்வினத்தோடு சேர்ந்து வளர்வதே. அதன் பால் கண்ணில் பட்டால் துன்பம் விளையும் என்பதைக் களப் பணியாளர் முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம்.

இவ்வேற்றுமைகள் தேர்வுத் தாளுக்கு மட்டும் உரியவை அல்ல. ரைசோபோராவின் விதை தாய்மரத்திலேயே முளைத்து, நீண்ட காம்புபோல் தொங்கும். அதை எடுத்து நேரே சேற்றில் ஊன்றிவிடலாம். சொன்னரேஷியாவின் விதைகளோ மிகச் சிறியவை. அவற்றை நாற்றங்காலில் வளர்த்தே நடவேண்டும். ஓதம் நாள்தோறும் ஏறி இறங்கும் மட்டத்தில் செழிக்கும் இனத்தை, மாதத்தில் சில நாள் மட்டுமே நீர் எட்டும் மேட்டில் நட்டால் அது பட்டுப்போகும். எந்த இனம், எந்த மட்டம், எந்தப் பருவம் என்று அறியாமல் செய்யும் நடவு, விழாவுக்கு உதவுமேயன்றிக் காட்டுக்கு உதவாது.

தமிழ்நாட்டின் பிச்சாவரம் இதற்குச் சிறந்த சான்று. அங்கே பல பத்தாண்டுகள் கூறு கூறாக மரங்களை அடியோடு வெட்டிவந்ததால், வெயில் பட்ட சேறு வற்றி, நிலம் தட்டுப்போல் தாழ்ந்தது. ஓதத்தில் ஏறிய நீர் திரும்பி வடியாமல் தேங்கி ஆவியாயிற்று, உப்பு மிகுந்தது, கன்று முளைக்கவில்லை. மரம் வளராமைக்குக் குற்றவாளி மனிதரும் மாடும் மட்டுமே என்று நினைத்திருந்தால், வேலி கட்டியதோடு வேலை முடிந்திருக்கும். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990-களில் காரணத்தை ஆராய்ந்து, மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி ஓதநீரை ஏறி இறங்கச் செய்தபின் காடு மீண்டது. செடியின் உடலியல், மண்ணின் உப்பு, நீரின் ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒருங்கே பார்க்கத் தெரிந்தவர்களாலேயே அது இயன்றது.

இவ்வறிவுக்கு இன்று சட்டமும் தேவையை உண்டாக்கியிருக்கிறது. 2005-ஆம் ஆண்டு பம்பாய் உயர் நீதிமன்றம் மகாராஷ்டிரத்தில் அலையாத்திக் காடுகளை அழிப்பதைத் தடுத்து இடைக்கால ஆணை பிறப்பித்தது; 2018-இல் இறுதித் தீர்ப்பும் வந்தது. இடையில், 2012-இல், மாநில வனத்துறையில் இக்காடுகளுக்கென்றே தனிப் பிரிவு அமைக்கப்பட்டது. 2015-இல் தாணே கழி பூநாரைச் சரணாலயமாயிற்று. 2022-இல் ராம்சார் தலமாயிற்று. அதே 2022-ஆம் ஆண்டு டிசம்பரில், மும்பை-ஆமதாபாத் அதிவேக ரயில் பாதைக்காக ஏறத்தாழ 20,000 அலையாத்தி மரங்களை வெட்ட அதே நீதிமன்றம் அனுமதியும் வழங்கியது. ரயில் வேண்டுமா, மரம் வேண்டுமா என்ற வழக்கு இங்கே எழுப்பப்படவில்லை. ஈடாக நடப்படும் கன்றுகள் எங்கே, எந்த இனத்தில் நடப்படுகின்றன, ஐந்தாண்டுக்குப் பின் எத்தனை உயிரோடிருக்கின்றன என்று சேற்றில் இறங்கிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டியவர் யார் என்பதே கேள்வி. அவர் தாவரவியல் பட்டதாரியாக இருப்பதே பொருத்தம்.

விக்ரோலிக்கு அப்பாலும் வழிகள் உண்டு. செம்பூரை அடுத்த டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி மையம் கதிர்வீச்சின் துணையால் புதிய நிலக்கடலை, பயறு வகைகளை உண்டாக்கியிருக்கிறது. 1890-இல் தோன்றிய இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென் வட்டாரம் கோயம்புத்தூரிலும், மேல் வட்டாரம் புனேயிலும் இயங்குகின்றன. இந்திய வனப் பணித் தேர்வுக்கு இப்பட்டம் தகுதியாகும். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையின்படி பெருந்திட்டங்களுக்குத் தாவரக் கணக்கெடுப்பு வேண்டும். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஊர்தோறும் பதிவேடு எழுதப்பட வேண்டும். சித்த மருந்துச் சரக்குகளில் கலப்படம் காணவும் வேரையும் பட்டையையும் அறிந்த கண் வேண்டும். கரும்பு இனங்களின் உயிரணுவை ஆராயக் கோயம்புத்தூர் சென்ற ஜானகி அம்மாள், பின்னர் இங்கிலாந்தில் ஆராய்ந்து, 1950-களில் தாவரவியல் ஆய்வகத்தையே திருத்தியமைக்க அழைக்கப்பட்டார். அவர் சென்னைக் கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில் இந்தப் பாதையை எவரும் வரைந்து காட்டியிருக்க முடியாது.

ஆயினும் உண்மையை மறைத்தலாகாது. இவ்வேலைகளுள் பல, திட்டம் முடிந்ததும் முடியும் ஒப்பந்த வேலைகள், சம்பளமும் குறைவு. தாவரவியல் பட்டதாரி சேற்றை விட்டு வங்கித் தேர்வுக்குப் படிக்கச் சென்றால் அவரைக் குறைகூற இயலாது. குறை, ஈடு நடவுக்குப் பணம் ஒதுக்கிவிட்டு அதைக் கண்காணிக்க நிலையான பதவி ஒதுக்காத முறையில் இருக்கிறது. நட்ட கன்றுகளின் தொகை மட்டும் அறிக்கையில் எழுதப்படும் வரை அப்பதவிக்கு அவசியமும் தோன்றாது. பிழைத்த கன்றுகளின் தொகையைக் கேட்கத் தொடங்கினால், மறுநாளே அதற்கு ஆள் தேவைப்படும். களப் பணியாளர் தம் அறிக்கையில் இனவாரியாக அந்த இரண்டாவது எண்ணையும் எழுதிவரலாம். அதற்கு மேலிடத்து ஆணை வரவேண்டியதில்லை.

மற்றொரு குறை வகுப்பறையில் உள்ளது. உயிரணு, மரபணு என்று பாடத்திட்டம் விரிந்த வேகத்தில், செடியைக் கண்டு பெயர் சொல்லும் பயிற்சி சுருங்கிவிட்டது. மும்பை தூய சேவியர் கல்லூரியின் பிளாட்டர் 1905-லேயே பம்பாய் மாகாணத்துக் கண்டல் காடுகளைப் பற்றி எழுதினார். அதே கல்லூரியின் சாந்தாபாவ் மாணவர்களோடு கண்டாலா மலைகளில் அலைந்து தாவரத் தொகுதி எழுதியவர். பின்னர் தாவரவியல் ஆய்வகத்தின் இயக்குநரானார். அவர்கள் உலர்த்தி ஒட்டிவைத்த தாள்கள் இல்லையெனில், இன்று எது மறைந்தது என்று கூறவும் வழியிராது.

மாட்டுங்காவில் ரூயா கல்லூரியும், சயானில் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் கல்லூரியும் இருக்கின்றன. அங்கிருந்து ரயிலில் குர்லா, வித்யாவிஹார், காட்கோபர் கடந்தால் விக்ரோலி. தனியார் நிலமாதலால் முன்கூட்டி அனுமதி பெறவேண்டும். ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் வற்றும் வேளைக்கு ஒரு மணி முன்னதாக மாணவரை அழைத்துச் செல்வது நலம். கண்டல் இலை தடித்து நீர் நிறைந்ததாகையால், அழுத்துப் பலகையில் முதல் சில நாட்கள் நாள்தோறும் தாளை மாற்றாவிடில் கறுத்துப் பூசணம் பிடித்துவிடும்.